ஆடிக் காற்றைத் தாண்டி நிற்கிறது உங்கள் வாதாமரம்

என் பாசத்துக்கும் வாய்ச்சண்டைக்கும் ஒரே ஆளாக இருந்த லீலா மைனிக்கு,

ஓணம் முடிந்துவிட்டது. கடைசி மூட்டையையும் ஏற்றி அனுப்பி, முற்றத்தைத் தூத்துப் பெருக்கி, குளித்து, ஒரு கட்டன் சாயா போட்டுக் குடித்துக்கொண்டு இதை எழுதுகிறேன். உங்களுக்குக் கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மைனிக்கு யாராவது கடிதம் எழுதுவார்களா? தலையை நீட்டி ஒரு சத்தம் கொடுத்தால் போதுமே. இப்போது என் சத்தம் எட்டாத இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டீர்கள், வேறென்ன செய்ய?

முதல் சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அங்கே இருந்துகொண்டே "ஏட்டி, வளவளன்னு பேசாம விசயத்துக்கு வா" என்பீர்கள். மரம் நிற்கிறது மைனி. நீங்கள் இல்லாத முதல் ஆடிக் காற்றையும் தாண்டி உங்கள் வாதாமரம் நிற்கிறது. ஒரு பெரிய கொம்புகூட முறியவில்லை. அதன் அடியில் உட்கார்ந்துதான் இந்த ஓணத்துப் பூவையெல்லாம் பொட்டலம் போட்டோம்.

இதை நாலு பேர் படிக்கட்டும் என்று பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். ஆகவே அவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். லீலாபாய் என் அண்ணன் தாணுலிங்கத்தின் மனைவி. தோவாளைப் பூச்சந்தையில் பூ எடுத்து, வீட்டு முற்றத்தில் ஊர்ப் பெண்களை வைத்துக் கட்டியும் தரம் பிரித்தும் நாகர்கோவிலுக்கும் மார்த்தாண்டத்துக்கும் கேரளத்துக்கும் அனுப்பியவர். நான் பக்கத்து வீடு. காலையில் பள்ளிக்கூடத்தில் சத்துணவு வேலை, மதியத்துக்கு மேல் மைனியின் முற்றத்தில் பூ வேலை. நாத்தனாரும் மைனியும் ஒத்துப்போகவே மாட்டார்கள் என்று நினைக்கிறவர்கள் எங்கள் முற்றத்துக்கு வந்து பார்த்ததில்லை. நாங்கள் சண்டை போட்ட நாள்தான் அதிகம், பேசாமல் இருந்த நாள் ஒன்றுகூட இல்லை.

பெருமை பேசுகிறாள் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். பெருமைதான் பேசப் போகிறேன்.

மரம் வருவதற்கு முன்னால் நாம் பட்ட பாடு நினைவிருக்கிறதா? வடக்கு ஓரத்தில் ஒரு தகர ஷெட். உள்ளே உட்கார்ந்தால் அவிந்துபோவோம். பிச்சி மொட்டு கூடைக்குள்ளேயே வாய் திறந்துவிடும். மலர்ந்துபோன பிச்சியை எந்தக் கடைக்காரன் வாங்குவான்? நனைத்த சாக்கைப் பூவின் மேலும் போட்டோம், நம் தலையிலும் போட்டோம். சாயந்தரம் எல்லாருக்கும் மண்டையிடி.

அந்த நேரத்தில்தான் அண்ணன் மஸ்கட்டை முடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். நம்மூரில் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் வீட்டைக் கட்டி முடித்ததும் செய்கிற அடுத்த காரியம் என்ன? முற்றத்தில் மண்ணே தெரியாமல் இன்டர்லாக் கல் பதிப்பது. செருப்பில் மண் ஒட்டக் கூடாது, கார் வந்து அலுங்காமல் நிற்க வேண்டும். உச்சி வெயிலில் அந்தக் கல்லின் மேல் அப்பளத்தைப் போட்டால் பொரிந்துவிடும், அது வேறு விஷயம். அண்ணனும் ஆளைக் கூட்டிவந்து கல்லை இறக்கிவிட்டார்.

நீங்கள் முற்றத்தின் நடுவே போய் நின்றுகொண்டீர்கள். கொத்தனார் ஒரு பக்கமிருந்து பதித்துக்கொண்டே வந்தார். கல் உங்கள் காலடிக்கு வந்த பிறகும் நீங்கள் நகரவில்லை.

"லீலா, தள்ளி நில்லு. அவருக்கு வேலை நடக்கணும்" என்றார் அண்ணன்.

"இந்த எடத்துல கல்லு வேண்டாம்."

"ஏன், இங்க என்ன எளவு இருக்கு?"

"மரம்."

"எங்க மரம்?"

"வரும்" என்றீர்கள்.

கொத்தனார் சிரித்துவிட்டார். நீங்கள் சிரிக்கவில்லை. பூ கட்டுகிற நூலின் ஒரு நுனியை என் கையில் தந்து, "ஏட்டி சரோஜா, அசையாம நடுவுல நில்லு" என்று சொல்லி, மறு நுனியைப் பிடித்துச் சுற்றிவந்து கோலப்பொடியால் ஒரு பெரிய வட்டம் போட்டீர்கள். "அக்கா, இதுக்குள்ள ஒரு கெணறே வெட்டலாமே" என்றார் கொத்தனார். வட்டத்துக்கு வெளியே கல், உள்ளே மண். அதுதான் உங்கள் தீர்ப்பு. அண்ணன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தார்.

அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அந்த இடத்தை நீங்கள் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. மதியத்துக்கு மேல் வெயில் எங்கிருந்து இறங்குகிறது, நிழல் விழுந்தால் எங்கே விழும் என்று பல நாள் பார்த்து வைத்திருந்தீர்கள். வீட்டுச் சுவருக்கும் செப்டிக் டேங்குக்கும் வேர் எட்டக் கூடாது என்று எட்டு வைத்து அளந்தும் வைத்திருந்தீர்கள். என்னிடம்கூடக் கல் இறக்கின அன்றைக்குக் காலையில்தானே சொன்னீர்கள்!

கன்று என் கைங்கரியம். அதை யாரும் மறக்க வேண்டாம். பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வௌவால் போட்ட வாதாங்கொட்டை, நாட்டுப் பாதாம் என்பார்களே அது, ஒன்று முளைத்துக் கிடந்தது. வேரோடு மண்ணோடு பெயர்த்து, உடைந்த வாளி ஒன்றில் வைத்து, இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தேன். வழியில் பார்த்தவர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். வாதாமரமா, எல கொட்டியே கொல்லுமே என்றார் ஒருவர். நம்முடன் பூக்கட்டுகிற சுயம்புக்கனி, "மாங்கன்னு வைக்கலாம், பிலாக்கன்னு வைக்கலாம், திங்கவாவது ஆகும். இத வச்சு என்னத்துக்கு?" என்றாள்.

நீங்கள் சொன்ன பதில் இன்றைக்கும் காதில் இருக்கிறது. "எனக்குத் திங்க வேண்டாம். நெழலு வேணும். அதும் என் கண்ணு நல்லா இருக்கும்பமே வேணும். இது சடசடன்னு வரும், கேட்டியா?"

வந்தது மைனி. நாம் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வந்தது. முதல் மழைக்குப் பிறகு தினமும் காலையில் ஒரு தளிர் புதிதாக இருந்தது. குடை விரித்ததுபோல ஒரு அடுக்கு, கொஞ்சம் ஏறி அதன்மேல் இன்னொரு அடுக்கு. வேறு மரம் வைத்தவர்கள் கன்றுக்கு வேலி கட்டிக்கொண்டிருந்தபோது நாம் நம் மரத்தடியில் பாய் விரித்துவிட்டோம்.

ஆனால் முதல் ஆடியில் நடந்ததைச் சொல்லாமல் போனால் இந்தக் கதையில் ஒன்றுமில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. சும்மாவா இத்தனை கரண்டுக் காத்தாடியைக் கொண்டுவந்து இங்கே நட்டிருக்கிறார்கள்? கன்று அப்போது என் உயரம்தான் இருக்கும். அண்ணனுக்கு மரத்தின் மேல் ஆசை வந்துவிட்டது, வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். மூன்று இரும்புக் குழாயை நட்டு, நைலான் கயிற்றால் மூன்று பக்கமும் இழுத்து, மஸ்கட்டில் கிரேனுக்குக் கட்டுகிற மாதிரி கட்டிவிட்டார். கன்றால் மூச்சுவிடக்கூட முடியாது.

அவர் கடைக்குப் போன நேரம் பார்த்து நீங்கள் அரிவாளை எடுத்துக்கொண்டு போய் அத்தனை கயிற்றையும் அறுத்துவிட்டீர்கள். திரும்பி வந்தவர் கத்தின கத்தில் நான் மதிலைத் தாண்டி ஓடி வந்தேன்.

"உனக்கு மண்டைக்குச் சொகமில்லியா? இந்தக் காத்துல ஒடிஞ்சு போவும்!"

"ஒடியாது. வளையும். கெட்டிப் போட்டு வளத்தா அதுக்குக் கால் ஊணுமா? ஆடட்டும். ஆடுனாத்தான் அடி தடிக்கும்."

அன்றைக்கு மதியம் கன்று தலையைத் தரையில் வைத்துக் கும்பிட்டது. நீங்கள் நடையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தீர்கள், உள்ளே போய் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. காற்று விட்டதும் அது பைய நிமிர்ந்தது. மறு ஆடிக்கு அதன் அடி என் கணுக்காலைவிடத் தடிமனாகிவிட்டது. அண்ணன் குழாய்களைப் பிடுங்கிப் பின்புறம் கொடிக்கம்பி கட்ட வைத்துக்கொண்டார். தோற்றுவிட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை.

விற்காத பூவையெல்லாம் தின்று வளர்ந்த மரம் அது. வாடின கேந்திச் செண்டு, உதிர்ந்த அரளி, சந்தையில் விலை போகாமல் திரும்பி வந்த வாடாமல்லி எல்லாம் அதன் அடிக்குத்தான். தடியில் ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி, வட்டமாகப் போட வேண்டும். ஒட்டிப் போட்டுவிட்டால் என்னை நீங்கள் விட்டது கிடையாது. "சூடு ஏறி தோலு அழுவிரும்ட்டி, எத்தன மட்டம் சொல்லுகேன்" என்று பொரிந்து தள்ளுவீர்கள்.

அப்புறம் அந்த இன்டர்லாக் திருட்டு. எழுதட்டுமா மைனி? எழுதத்தான் போகிறேன். மரம் தடிக்கத் தடிக்க, வருஷத்துக்கு ஒரு சுற்று கல்லை நீங்கள் சத்தமில்லாமல் பெயர்த்தீர்கள். பெயர்த்த கல்லைக் குளியலறைக்குப் போகிற பாதையில் பதித்தீர்கள். அண்ணனுக்கு வெகுகாலம் பிடிபடவே இல்லை. ஒரு நாள் தாடையைத் தடவிக்கொண்டு, "ஏட்டி, இந்த வட்டம் முந்தி இம்புட்டு பெருசாவா கெடந்துது?" என்று என்னைக் கேட்டார். "இம்புட்டுதான் அண்ணே. ஒங்களுக்குக் கண்ணு மங்குதா?" என்றேன். நீங்கள் உள்ளே போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தது எனக்குத் தெரியும்.

இப்படி இருந்த நீங்கள் இந்தச் சித்திரையில், அந்தக் கொடும் வெயிலில், சந்தையிலிருந்து வந்து கூடையை இறக்கி வைத்துவிட்டு, நெஞ்சு அடைக்கிறது என்றீர்கள். ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. என் மடியில்தான் தலை இருந்தது. எதையாவது சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா மைனி? வாழ்நாளெல்லாம் அவ்வளவு பேசிவிட்டு, கடைசியில் ஒரு வார்த்தை இல்லையே.

மறுநாள் பந்தல்காரர் கம்புகளோடு வண்டியில் வந்து இறங்கினார். வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். "இதுக்குக் கீழ என்ன பந்தலு போடதுக்கு?" என்று சொல்லிவிட்டு, நாற்காலிகளை மட்டும் இறக்கிவிட்டுப் போய்விட்டார். சந்தை ஆட்களும் சொந்தக்காரர்களும் பள்ளிக்கூடத்து டீச்சர்களும் தெரு முழுக்க வந்து நின்றார்கள். ஒருத்தர் தலையிலும் வெயில் படவில்லை. நீங்கள் நடுவே படுத்திருந்தீர்கள். அழுதுகொண்டிருந்த எனக்கு, அந்த அழுகைக்குள்ளேயே, ஒரு கர்வம் வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன். இந்த மாதிரி ஒரு பந்தலைத் தானே வளர்த்து வைத்துவிட்டுப் போனவள் நம்மூரில் வேறு யார்? பதினாறாம் நாள் அடியந்திரத்துச் சாப்பாடும் அதன் நிழலில்தான் விளம்பினோம்.

இனி நான் சொல்லப்போவது உங்களுக்குக் கோபம் வருகிற காரியம். முழுக்கக் கேட்டுவிட்டு அண்ணனைத் திட்டுங்கள்.

ஆனி மாதம் ஒரு காலையில் முற்றத்தில் புது ஆள் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் மரம் வெட்டுகிற மணி கயிறும் வெட்டுக்கத்தியுமாக நிற்கிறான். அண்ணன் மேலே கையைக் காட்டி, "தலையோட எடுத்துரு. தடி மட்டும் நின்னாப் போதும்" என்கிறார். நான் அடுப்பில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

"அண்ணே, என்ன செய்யுதிய?"

"ஆடி வருது. அவ இல்ல. இத யாரு பாத்துக்கிடுவா? ஒரு கொம்பு முறிஞ்சு எவ தலையிலயாவது விழுந்தா யாரு பதிலு சொல்ல?"

"மொட்டையடிச்சா ஓணத்துக்கு நாங்க எங்க போயி இருப்போம்?"

"ஷெட்டு போட்டுத் தாறேன்."

"ஷெட்டா! அதுல ரெண்டு நாளு நீங்க வந்து இருங்க, பொறவு பேசுவோம்."

மணி இடையில் புகுந்தான். "அக்கா, தலைய எடுத்தா முந்திக்கு மேல தளைக்கும், கவலப்படாதீங்க." நம்மூர்க்காரர்களுக்கு ஆடி வருகிறது என்றால் மரத்தின் தலையைச் சீவத்தான் தெரியும். எதிர்வீட்டு வேம்பைக் காட்டினேன். அதையும் இப்படித்தான் மொட்டையடித்தார்கள். தழைக்கத்தான் செய்தது. தழைத்த கொம்பெல்லாம் அடுத்த ஆடியில் ஒட்டின இடத்தோடு பிய்ந்து தெருவில் கிடந்தது. மணிக்கும் அது தெரியும், அவன்தானே வெட்டினான். தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

அண்ணன் அவனைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. தூணைப் பார்த்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சொன்னார். "ஏட்டி, கதவத் தொறந்தா மரம். சன்னலத் தொறந்தா மரம். அவ மட்டும் இல்ல. என்னால பாக்க முடியல."

அவர் அழுவதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை மைனி, உங்கள் காரியத்தன்றுகூட. ஆனால் இப்போது விட்டுக்கொடுத்தால் மரம் போய்விடும். மரம் போனால் மதியத்துக்கு மேல் அந்த முற்றத்துக்கு ஒருத்தியும் வர முடியாது. நீங்கள் சேர்த்து வைத்த கூட்டம் ஆளுக்கு ஒரு திக்காகக் கலைந்துபோகும்.

"அப்பம் நீங்க கண்ண மூடிக்கிடுங்க. நான் பாத்துக்கிடுகேன்" என்றேன். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு அது போதும்.

மணியை மேலே ஏற்றிவிட்டுக் கீழே தொரட்டியோடு நின்றேன். வருஷா வருஷம் ஆனியில் நீங்கள் சொல்லச் சொல்லக் கேட்டு நின்றவள்தானே நான். ஒன்றோடொன்று உரசுகிற கொம்பு, உள்பக்கமாக நெருக்கிக்கொண்டு வருகிற கொம்பு, காய்ந்தது, கரண்டு கம்பியைத் தொடப்போவது. அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு விரல் கிடையாது. காற்று உள்ளே வந்து வெளியே போக வழி இருந்தால் அது மரத்தோடு சண்டைக்கு வராது என்பீர்களே, அதை நினைத்துக்கொண்டே காட்டினேன். ஒவ்வொரு கொம்புக்கும் மணி கேட்பான், "இதா அக்கா?" நான் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துச் சொல்வேன். இரண்டு இடத்தில் எனக்கே சந்தேகம். கேட்க நீங்கள் இல்லை. உங்களை எனக்கு அப்படித் தேடினது அன்றைக்குத்தான். சந்தேகம் வந்த இரண்டையும் விட்டுவிடச் சொன்னேன்.

ஆடி பிறந்தது. சொல்லிவைத்ததுபோல முதல் வாரமே காற்று எடுத்துவிட்டது. பள்ளிக்கூடத்துப் பின்கதவைச் சாத்த இரண்டு பேர் வேண்டியிருந்தது. மதியம் நான் வீட்டுக்கு வரும்போது யார் வீட்டுத் தகரமோ தெருவில் உருண்டு போகிறது. வீட்டுக்குள் போகாமல் நேராக உங்கள் முற்றத்துக்குப் போனேன். அண்ணன் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"உள்ள வா சரோஜா! கொம்பு விழும்!"

நான் போகவில்லை. நடையில் நின்றேன். மரம் முழுக்க மேற்கிலிருந்து கிழக்கே சாய்கிறது, நிமிர்கிறது, மறுபடி சாய்கிறது. கடல் பக்கத்தில் நிற்பது மாதிரி ஒரு இரைச்சல். ஆனால் அடி அசையவில்லை. காற்று அடுக்குக்கு அடுக்கு நுழைந்து அந்தப் பக்கம் போவதை என் கண்ணால் பார்த்தேன் மைனி. நான் சந்தேகப்பட்டு விட்டுவைத்த கொம்பு ஒன்று வளைந்த வளைவில் எனக்கு உயிரே இல்லை. அதுவும் முறியாமல் நின்றுவிட்டது. சாயந்தரம் காற்று தணிந்தபோது அண்ணன் வெளியே வந்து, மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு உள்ளே போனார்.

கொம்பு தப்பியது, இலை தப்பவில்லை. ஆடி முழுக்க அடித்த அடியில் மேற்குப் பக்கம் கிழிந்து கருகிக் கொட்டிவிட்டது. அண்ணாந்தால் வானம் தெரிகிறது. அண்ணனுக்கு வாய் கிடைத்தது. "பாத்தியா? நான் மொட்டையடிக்கச் சொன்னேன், நீ விடல. இப்பம் காத்தே அடிச்சுட்டு."

"எல போச்சு. கொம்பு இருக்குல்லா? ஓணத்துக்குள்ள வந்துரும்" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். உள்ளுக்குள் நடுக்கம்தான். ஆபீஸ்களுக்கும் காலேஜ்களுக்கும் ஓணக் கோலத்துக்கான அத்தப்பூப் பொட்டலம் தருவதாக ஒப்புக்கொண்டாயிற்று. சுயம்புக்கனி, "பந்தலுக்குச் சொல்லிவச்சிருவோமா?" என்று பைய வந்து காதைக் கடித்தாள். வேண்டாம் என்றேன். நீங்கள் இருந்தால் வேண்டாம் என்றுதானே சொல்லியிருப்பீர்கள்? காலையும் மாலையும் தண்ணீர் விட்டேன். வாடின பூவை வட்டமாகப் போட்டேன், ஒரு சாண் தள்ளித்தான், சந்தேகம் வேண்டாம்.

ஆடி முடிவதற்குள் கொம்பு நுனியெல்லாம் முட்டிக்கொண்டு வந்தது. பிறகு கேட்க வேண்டுமா? கொத்துக் கொத்தாகத் தளிர், நாலு நாளில் உள்ளங்கை அகலம், அதற்கப்புறம் முறம் முறமாக. தலையை வெட்டியிருந்தால் இவ்வளவு நுனிக்கு எங்கே போவது? மணி ஒரு நாள் சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டு, "கொள்ளாமே அக்கா" என்று மெச்சினான். நான் பெரிய மனுஷி மாதிரி தலையை ஆட்டிவைத்தேன். ஓணத்தின் முதல் நாளான அத்தம் பிறந்த அன்று பாயை விரித்தோம். மேற்கு ஓரத்தில் மட்டும் ஒரு பொத்தல் அடையாமல் நின்றது. மற்ற இடமெல்லாம் நிழல்.

ஓசூர்க் கேந்தி மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. மஞ்சள் ஒரு குவியல், ஆரஞ்சு ஒரு குவியல், வாடாமல்லி, அரளி, பச்சைக்கு மரிக்கொழுந்து. உட்காரும் இடம் அவரவருக்குப் பழக்கப்பட்டதுதான். நீங்கள் உட்காருகிற இடத்தில், தடியை ஒட்டி, நிழல் கடைசிவரை விலகாத அந்த இடத்தில், ஒருத்தியும் உட்காரவில்லை. யாரும் பேசி வைத்துச் செய்யவில்லை. பாய் விரித்தபடி அது சும்மா கிடந்தது. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

ஓணத்துக்கு முந்தின நாள், உத்திராடத்தன்று, வேலை தலைக்கு மேல். ஷைனி என்று ஒரு பெண், உங்களுக்குத் தெரியாது, இந்த வருஷம்தான் வந்து சேர்ந்தாள். புதிதாக வந்தவள் என்பதால் கிடைத்த இடம் அந்தப் பொத்தலுக்குக் கீழே. தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு, வியர்வை வழிய வழியக் கேந்தியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் வெளியே வந்தார். பூ வேலை நடக்கும்போது அந்தப் பக்கமே வராத மனுஷன். அன்றைக்கு வந்து நின்று, எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார். ஷைனியைப் பார்த்தார். அப்புறம் அந்தக் காலி இடத்தைப் பார்த்தார்.

"அங்க ஏன் யாரும் இருக்கல?"

ஷைனிதான் சொன்னாள். "அது லீலாக்கா எடம்லா."

இப்போதுதான் கொஞ்சம் ஆறியிருக்கிறார், இந்தப் பெண் இப்படிச் சொல்லிவிட்டாளே என்று நினைத்தேன். அண்ணன் என்னைப் பார்த்துக் கோபமாகவே கேட்டார்.

"நல்ல நெழலு சும்மா கெடக்கு. ஒரு பிள்ள வெயில்ல காயுது. இதுக்கா அவ மரம் வச்சா?"

பூ பிரிக்கிற கைகள் எல்லாம் நின்றுவிட்டன. அவர் ஷைனியிடம் திரும்பினார். "எந்திரி மக்கா. அவ இருந்தா ஒன்ன அங்க இருத்திட்டு, அவ வந்து இந்த வெயில்ல இருந்திருப்பா. போ, போயி இரி."

அவள் கூடையை எடுத்துக்கொண்டு போய் உங்கள் இடத்தில் உட்கார்ந்தாள் மைனி. அவள் தலையிலிருந்த சாக்கை அண்ணனே வாங்கி மடித்து வைத்தார். சுயம்புக்கனி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேலையப் பாருங்கட்டி, வண்டி வந்துரும்" என்று எல்லாரையும் விரட்டினாள். நடைக்கு ஏறப் போன அண்ணன் திரும்பி நின்று, "சரோஜா, அடுத்த ஆனிக்கு மணிய நானே கூட்டிட்டு வாறேன். எந்தக் கொம்புன்னு நீ சொல்லு, நான் கீழ நின்னு கயிறு பிடிக்கேன்" என்றார்.

உங்கள் இடத்தைக் காலியாக வைத்திருந்தது உங்களுக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்துவிட்டேன். இத்தனை வருஷம் கூடவே இருந்த எனக்குத் தெரியாதது, மரத்தைப் பார்க்க முடியவில்லை என்று அழுத மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது. நல்ல ஆளைத்தான் கட்டியிருந்தீர்கள் மைனி. நீங்கள் இருந்தபோது இதை நான் ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

ஒரு வாக்குத் தருகிறேன். நான் நடமாடுகிற காலம்வரை அந்த முற்றத்துக்கு வேலைக்கு வருகிற ஒருத்தியையும் வெயிலில் உட்கார விடமாட்டேன். இடம் போதாமல் போனால் முதலில் எழுந்திருக்கிறவள் நானாக இருப்பேன். நிழலையும் சும்மா கிடக்க விடமாட்டேன்.

என்றைக்கும் உங்களோடு மல்லுக்கு நிற்கிற நாத்தனார்,
சரோஜா